பைலை மூடிய பிறகு கேட்ட கேள்வி

நம் வயதுக்காரர்களின் வீடுகளில் எல்லாம் அப்படி ஒரு டின் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது சதுரமான பிஸ்கட் டின். மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு விவரம் தெரிந்தபோது அவளுடைய முகம் துருவில் போய்விட்டது. குடை மட்டும் மிச்சம். அதில் இருந்த பிஸ்கட்டை எங்கள் வீட்டில் யாரும் தின்றதில்லை. துரையின் பங்களாச் சமையல்காரரிடமிருந்து தாத்தா கேட்டு வாங்கிவந்த வெறும் டின் அது. நாங்கள் இந்த நாட்டில்தான் இருக்கிறோம் என்பதற்கான காகிதங்கள் அதற்குள் இருந்தன. மழையில் கூரைத் தகரம் ஒழுகத் தொடங்கினால் அம்மா முதலில் டின்னை நகர்த்துவார், பிறகுதான் மாவுச் சாக்கை.

பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், இறங்கி முக்கால் மணித்தியாலம் நடை. அங்கே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழ் குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பத்துக் காம்பராக்கள் கொண்ட லயத்தில் எங்களுடையது நான்காவது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். தினமும் பதுளைக்குப் போய்ப் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் லயத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் வேறு யாரும் இல்லை.

நான் சொல்லப்போவது தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருடத்துக்கு அடுத்த மழைக்காலத்தைப் பற்றி. தோட்டம் கைமாறியதும் முதலில் மாறியது பெயர்ப்பலகை. பழைய ஆங்கில எழுத்துகளின் மேல் புதிய பெயிண்டு பூசினார்கள். மழையில் கீழே இருந்த எழுத்துகள் மறுபடி தெரிய ஆரம்பித்தன. வெகுநாள் வரை எங்கள் தோட்டத்துக்கு ஒரே பலகையில் இரண்டு பெயர்கள் இருந்தன. தொழிற்சாலைச் சுவரில் ஒரு சுவரொட்டி வந்தது. அதில் மண்வெட்டி பிடித்த ஆணும் புத்தகம் பிடித்த பெண்ணும் சூரியனைப் பார்த்து நின்றார்கள். அதே மாதம், பிரசவம் பார்க்கும் தோட்டத்து மருத்துவமாது வேலையை விட்டுப் போனார். அவருடைய அறையை டிஸ்பென்சரிக்காரர் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். சாவி அங்கேயே தொங்கியது.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, அடுத்த காம்பரா அத்தைக்கு வலி கண்டது. வேறு வழி இல்லாமல் கொழுந்து லொறியில் சாக்குகளை விரித்து அவரைப் படுக்கவைத்தார்கள். அக்காவும் ஏறிக்கொண்டாள். பதுளைக்குப் போகும் பாதையில் எத்தனை வளைவு முடக்குகள் என்று உங்களுக்குத் தெரியும். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. வைத்தியசாலை வாசலுக்குப் போனபோது அது உயிரோடு இல்லை. மாலையில் திரும்பிவந்த அக்காவின் பாவாடையில் கொழுந்துச் சாறும் இரத்தமும் காய்ந்திருந்தன. பச்சைத் தேயிலை வாடை அன்றுமுதல் எனக்கு வேறு வாடையாகிவிட்டது.

சில வாரங்களில் டிஸ்பென்சரிச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ் பேசும் மருத்துவமாதுகள் தேவை. பத்தாம் வகுப்புப் படித்த பெண்களுக்குப் பயிற்சி தரப்படும். இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். அக்கா அதை மூன்று தடவை வாசித்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள்.

"நம்ம பிரஜாவுரிமை எப்ப வரும்?"

"எழுதிப் போட்டிருக்கில்ல. கூப்புடுவாங்க."

தோட்டத்திலேயே பிறந்தவர்களும் எழுதிக் கேட்டால்தான் பிரஜை. அப்பா விண்ணப்பம் போட்டபோது அக்கா சின்னப் பிள்ளை. அம்மா, அக்கா, நான் எல்லோரும் அவருடைய விண்ணப்பத்தில்தான் இருந்தோம். பல வருடங்களாகச் சத்தமில்லாமல் கிடந்த அந்தக் காகிதத்துக்கு அந்த மாதம் பதில் வந்தது. குடும்பத்தோடும் அத்தாட்சிகளோடும் பதுளைக்கு விசாரணைக்கு வர வேண்டும். அப்போது அது நல்ல சகுனமாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. நடத்தியவர் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவர் ஒரு தேயிலைப் பெட்டியை எங்கள் வாசலில் போட்டு உட்கார்ந்து, துவாயைக் கழுத்தில் டை மாதிரி முடிந்துகொண்டார். லயமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

"பேரு?"

அப்பா சொன்னார்.

"காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்புட்டா கத்துற மாதிரிக் கத்துறியே. மெதுவா, மரியாதையாச் சொல்லு. பொறந்த எடம்?"

"இந்தத் தோட்டம். கீழ்ப்பிரிவு, நாலாம் லயம்."

"இந்தியாவுக்குப் போயிருக்கியா?"

"இல்லீங்க."

"அங்க காணி பூமி ஏதும்?"

"இங்கயே இல்ல, அங்க எங்கேருந்து?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"இங்க சிரிப்பாங்கய்யா. அங்க போயி வாயக் குடுத்தா பைல மூடிருவாங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, அதோட நிறுத்து. சம்சாரம் பேரு?"

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அதை அவரையே சொல்லச் சொல்லுங்க தலைவரே. கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்புட்டதில்ல. அன்னைக்காவது என் பேரு அவர் வாயில வரட்டும்."

அப்பாவுக்கு அது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. நாலைந்து தடவை சொல்லவைத்தார்கள். கூட்டத்தில் இருந்த ஒருவர், "துறையூராரே, வெட்கப்படாதீங்க" என்றார். அப்பாவை லயத்தில் எல்லோரும் துறையூரார் என்றுதான் அழைப்பார்கள். அப்பா துறையூரைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவே கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அந்தப் பெயர் எங்களோடு இருந்தது, அவ்வளவுதான். ஒத்திகையில் தலைவர் நாற்பது கேள்விகளாவது கேட்டிருப்பார். அந்தச் சொல்லைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்று எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

விசாரணைக்குப் போன நாளில் அம்மா கல்யாணச் சேலை கட்டினார். அக்கா எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டு, டின்னைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் முழுக்க ஈரக் கம்பளி நாற்றம். பதுளையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடம். படிகளில் எங்களைப் போலப் பத்துப் பதினைந்து குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு டின்னோ துணிப்பையோ இருந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. உள்ளே இருந்து ரப்பர் முத்திரை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

எங்களைக் கூப்பிட்டபோது பதினொரு மணி இருக்கும். விசாரணை ஐயா சிங்களவர், நடுத்தர வயது. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், வடக்கிலிருந்து வந்த தமிழ் இளைஞர். அக்காவை உட்காரச் சொன்னது விசாரணை ஐயாதான். அதிகாரிகள் என்றால் அதட்டுவார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இவர் அதட்டவில்லை.

அக்கா டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். தாத்தா ஒரு தோட்டத்திலிருந்து விலகி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது பழைய தோட்டத்தில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. அரிசிக் கூப்பன் புத்தகம். அம்மை குத்திய அட்டைகள். அக்காவின் பாடசாலைக் கடிதம். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைக் கேட்டார்கள், அப்பா ஒத்திகையில் சொன்னபடியே பதில் சொன்னார். அம்மாவின் பெயரைக் கேட்டார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இந்தியாவுக்குப் போயிருக்கிறீர்களா என்றபோது, அப்பா "இல்லீங்க" என்று சொல்லி, நிறுத்திக்கொண்டார்.

விசாரணை ஐயா அக்காவைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அக்கா பதுளையில் பழகிய சிங்களத்தில் மருத்துவமாது வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். "ஹொந்தாய்" என்றார். நல்லது என்று அர்த்தம், அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல். பைலை மூடினார். நாடாவைச் சுற்றினார். பேனாவுக்கு மூடி போட்டார். மொழிபெயர்ப்பாளர் அடுத்த குடும்பத்தைக் கூப்பிடக் கதவுப் பக்கம் திரும்பினார்.

அப்போது விசாரணை ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "கம கொஹெத?"

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்கிற கேள்வி அது. மொழிபெயர்ப்பாளர் கதவிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "உங்கட ஊர் எது எண்டு ஐயா கேக்கிறார்."

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை அவர் அப்போதுதான் விட்டார். ஓர் அரசாங்க மனிதர் அவரை மனிதராக மதித்து ஊர் கேட்கிறார்.

"துறையூர்ங்க" என்றார். "திருச்சி ஜில்லா. ஏரிக்கரையிலேருந்து மூணாவது வீடு எங்க வீடு."

அக்கா எழுந்தாள். "அப்பா, அது தாத்தாவோட..."

"சும்மா இரு. ஐயா என்கிட்ட கேக்குறாரு."

மொழிபெயர்ப்பாளர் இப்போது திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் சொல்ல வந்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் கேள்வி அப்பாவிடம் கேட்கப்பட்டது, பதிலும் அப்பாவிடமிருந்து வந்துவிட்டது. அவர் அப்பா சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னார். விசாரணை ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நாடாவை அவிழ்த்தார். பேனாவின் மூடியைத் திருகி எடுத்து இரண்டு வரி எழுதினார்.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நாம் இருந்த இடத்தை நாம் ஊர் என்று சொன்னதில்லை. அது தோட்டம். பிறந்தாலும் செத்தாலும் தோட்டம்தான். ஊர் என்பது கல்யாணம் பேசும்போது கேட்கிற சொல். பெண் எடுக்கலாமா, கூடாதா என்று பார்க்க, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பெயர். "எந்த ஊரு?" என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் பதுளை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களும் நானும் கூடச் சின்ன வயதில் சொல்லியிருக்க மாட்டோம்.

அன்று அப்பா எங்களை ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் வடையும் தேத்தண்ணீரும் வாங்கித் தந்தார். "நல்ல மனுசன்" என்றார். "கடைசியில ஊரெல்லாம் கேட்டாரு பாத்தியா." அக்காவின் வடை தட்டிலேயே இருந்தது. அதையும் நான்தான் தின்றேன்.

கடிதம் வந்தபோது மழை விட்டுப் பனி தொடங்கியிருந்தது. முழுக்கச் சிங்களம். அக்காவுக்குப் பேசத் தெரியும், அரசாங்கக் கடிதம் வாசிக்கும் அளவுக்குத் தெரியாது. எனவே பதுளைக் கடைவீதியில் நாங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கும் கடைக்கு அதைக் கொண்டுபோனோம். அந்த முதலாளியை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். தோட்டத்து ஆட்களுக்கு வரும் கடிதங்களை அவர் சும்மாவே வாசித்துக் கொடுப்பார். துணியை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"விண்ணப்பம் சரிவரல்லயாம்" என்றார். "உங்கட கம இந்தியாவில எண்டும், வீடும் அங்கதான் எண்டும் நீங்களே சொன்னீங்களாம். அதனால நிரந்தர வாசம் இங்க இல்ல எண்டு போட்டிரிக்கி."

"எங்க வீடா?" என்றார் அப்பா. "அது எங்க தாத்தா வீடுங்க நானா. இப்ப இருக்கோ இடிஞ்சிருச்சோ யாருக்குத் தெரியும்?"

"அத அங்க சொல்லல்லயா?"

"ஊரு எதுன்னு கேட்டாங்க. ஊர சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

நானா கடிதத்தை மடித்து அக்காவிடம் கொடுத்தார், அப்பாவிடம் கொடுக்கவில்லை. "தங்கச்சி, அப்பீல் எழுதலாம். எழுதுங்க. ஆனா அது வர நாளாகும்."

நாளானது. அதற்கு முன்பே, மருத்துவமாதுப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்த அக்காவுக்கு நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு வந்துவிட்டது. அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அலுவலகமும் அதே பஸ் நிலையத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அதன் படிக்கட்டில் நின்றால் விசாரணை நடந்த மாடி ஜன்னல் தெரியும். உள்ளே ஒரு தமிழ் அம்மா இருந்தார். அக்காவின் சான்றிதழ்களைப் பார்த்தார். அவள் பேசுவதைக் கேட்டார். லொறியில் நடந்ததை அக்கா சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"உங்கள மாதிரிப் பிள்ளையைத்தான் நாங்க தேடிட்டு இருக்கோம்" என்றார். "இங்க வர்ற அரைவாசிப் பேருக்குத் தோட்டத்துக்குப் போகவே மனசில்ல. பிரஜாவுரிமைக் கடதாசி மட்டும் கொண்டு வாங்க."

"அந்த ஜன்னல்லதான் இருக்கு மேடம்" என்றாள் அக்கா, எதிரே காட்டி. "நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாக்க முடியாதா?"

"அது வேற இலாகாம்மா."

இந்தப் பதிலை நான் பிறகு என் வாழ்க்கையில் பல மேசைகளுக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். முதல் தடவை கேட்டது அங்கேதான். நாட்டை வளர்ப்பது பற்றி எழுதிய திட்டங்களைப் பின்னாளில் நிறைய வாசிக்க வேண்டி வந்தது. தோட்டப் பகுதியில் தாயும் சேயும் சாவதைக் குறைக்க வேண்டும் என்று அவற்றில் தவறாமல் எழுதியிருக்கும். எழுதியவர்கள் மனதாரத்தான் எழுதியிருப்பார்கள். ஓர் இலாகா அந்த வேலைக்கு ஆள் தேடியது. இன்னோர் இலாகா அந்த ஆள் இந்த நாட்டு ஆள் இல்லை என்றது. நடுவில் இருந்தது ஒரு தெரு. அதைக் குறுக்கே கடக்கிற வேலை யாருடைய பதவியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அன்று பஸ்ஸில் அக்கா அழவில்லை. வீட்டில் அம்மாதான் அப்பாவிடம் சண்டை போட்டார். "அவ சொல்ல வந்தா. நீங்கதான் வாய மூடச் சொன்னீங்க." மறுநாள் பெரட்டுக்குப் போகும் வழியில் அப்பாவை யாரோ "துறையூராரே" என்று கூப்பிட்டார்கள். அவர் நின்று திரும்பி, "பேர் சொல்லிக் கூப்புடு" என்றார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. பிடிவாதம் என்று அப்போது நினைத்தேன். மகளிடம் மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது என்று இப்போது படுகிறது. தலைவரும் அடுத்தடுத்த ஒத்திகைகளில் அந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். எங்களுக்குப் பிறகு போன குடும்பங்களிடம் அதை யாரும் கேட்கவில்லையாம்.

அப்பீலுக்குப் பதில் வரவில்லை. அக்கா பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். மருத்துவமாதுவின் அறைச் சாவி ஆணியிலேயே தொங்கியது. வலி கண்டவர்களைக் கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்கள். அக்கா கூடப் போனாள்.

எண்பதுகளின் கடைசியில் சட்டம் மாறியது. பிரஜாவுரிமை கிடைக்காமல் மிச்சமிருந்தவர்கள் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும் என்றார்கள். ஒரே ஒரு பக்கம். துண்டுச் சீட்டு வேண்டாம், கூப்பன் புத்தகம் வேண்டாம், விசாரணை வேண்டாம். அக்காதான் லயம் முழுவதுக்கும் உட்கார்ந்து நிரப்பினாள். தன்னுடையதைக் கடைசியாக நிரப்பினாள். மருத்துவமாதுப் பயிற்சிக்கான வயது அவளுக்கு எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. டின் அதற்குப் பிறகு வெங்காயம் போட உதவியது. பிறகு அதையும் காணவில்லை.

அந்த வருடம் நான் தோட்டத்துக்குப் போயிருந்தபோது சாவி ஆணியில் இல்லை. மொனராகலைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள மருத்துவமாது வந்திருந்தாள். இளம்பெண், நல்ல பெண். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனவே கிளினிக் நாட்களில் அக்காவைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை, பதவிப் பெயரும் இல்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். வாங்குப் பலகையில் வரிசையாகப் பிள்ளைத்தாய்ச்சிகள். மேசையில் ஒரு புதிய பதிவுப் புத்தகம்.

முதல் பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணின் முறை வந்தது. மருத்துவமாது பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டாள். பிறகு முகம் பார்த்து, சிரித்தபடியே கேட்டாள்: "கம கொஹெத?"

அந்தப் பெண்ணுக்கு அந்தச் சிங்களம் புரிந்தது. "மணப்பாற..." என்று ஆரம்பித்தாள்.

அக்கா அவள் தோளில் கையை வைத்தாள்.

"அது இல்லடி. எந்த லயம், எத்தனாவது காம்பரா? அத மட்டும் சொல்லு."

"ஏழாம் லயம். மூணாவது காம்பரா."

அக்கா தோட்டத்தின் பெயரையும் சேர்த்து அதைச் சிங்களத்தில் சொன்னாள். மருத்துவமாது எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவுக்கு மூடி போடும்வரை அக்கா அந்தப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.